இன்று என்று எழுதிய தொட்டி

மூன்று தொட்டிகள்.
வெள்ளை நாடா ஒட்டி
ரக்ன்ஃப்ரிட் கறுப்புப் பேனாவால் எழுதினாள்:
இன்று. 2060. 2100.
'நாளை' என்று ஒன்று வேண்டாமா என்றேன்,
ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்தபடி.
அதற்குப் பணம் ஒதுக்கவில்லை என்றாள்.

தொட்டிக்கு நாற்பது பாறைநத்தைகள்.
ஹெஸ்தோயாவின் வடகரையில்
கடல் வற்றும் நேரம் பார்த்து
சமையலறைக் கத்தியால் நான் நெம்பி எடுத்தவை.
சத்தமில்லாமல் ஒரே நெம்பு.
முதல் தடவை தவறிவிட்டால்
அது பாறையோடு பாறையாகிவிடும்,
பிறகு கத்திதான் வளையும்.

ஓட்டின்மேல் ஒரு துளிப் பசை,
பசைமேல் அரிசியளவு கருவி,
கருவியிலிருந்து மயிர்போல் ஒரு கம்பி.
உள்ளே இதயம் அசைவது
திரையில் மலைத்தொடராய் நகரும்.
இரவுப் பணி எனக்கு.
நூற்றிருபது மலைத்தொடர்களுக்கு நடுவே
காப்பி ஆறிப்போகும்.

ஜூன் முழுக்கச் சொன்னபடி கேட்டன.
இன்று: பதினொரு டிகிரி, நிமிடத்துக்கு முப்பது.
2060: பதின்மூன்று டிகிரி, முப்பத்தாறு.
2100: நாற்பத்தைந்து,
சில இரவுகளில் ஐம்பது,
கடைசிப் படகைப் பிடிக்க
மூட்டையோடு ஓடுகிறவனுக்குப் போல.
அந்தத் தொட்டியில் முப்பத்தொன்றாம் எண்
ஒரு விடியலில் ஓட்டைத் தூக்கி நின்றது,
ஓரம் தரையில் படாமல்.
மலைத்தொடர் சமவெளியானது.
நேரத்தை எழுதினேன். 4.12.
வேறென்ன எழுத.

ஜூலை இருபத்து மூன்று.
இருட்டாத இரவு. காற்றில்லை.
குடா எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது.
இரண்டு மணிக்கு 'இன்று' தொட்டியின் மானி
பதின்மூன்று காட்டியது.
மானியைத் தட்டினேன்.
வேறு மானி கொண்டுவந்து முக்கினேன்.
முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தேன்;
கைக்கென்ன தெரியும்?
குழாயோடு நடந்து பம்பு வரை போனேன்.
பம்பில் ஒரு குறையுமில்லை.
பதினெட்டு மீட்டர் ஆழத்தில்
கடல் எதைத் தந்ததோ
அதைத்தான் கொண்டுவந்திருந்தது.

அந்தத் தொட்டியை யாரும் சூடாக்கவில்லை.
சூடாகாமல் இருப்பதுதான்
அதற்கு நாங்கள் கொடுத்திருந்த ஒரே வேலை.

காலையில் ரக்ன்ஃப்ரிட் கோட்டைக் கழற்றாமலே
இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.
இன்று, முப்பத்தாறு.
2060, முப்பத்தாறு.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
நாடாவின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.
உரிக்கவில்லை.

மதியம் தூர்லெய்ஃபின் டிராக்டர் வந்தது,
பின்னால் பழைய பால் குளிரூட்டி.
பசுக்களை விற்று நான்கு ஆண்டாகிறது அவருக்கு.
எதைக் குளிரவைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.
இன்றை, என்றேன்.
சிரித்தார்.
எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு
சிரிப்பை முடிக்காமல்
எந்தத் திருகு எதற்கென்று காட்டத் தொடங்கினார்.

2060-இன் சூடேற்றியை அணைத்துவிட்டோம்.
அது இப்போது குழாயிலேயே வருகிறது.
இன்றுக்குத்தான் மின்சாரச் செலவு.
குளிரூட்டி இரவெல்லாம் உறுமுகிறது,
கூடத்தில் புளித்த பாலின் வாடை லேசாக.
ஆனால் பதினொன்று நிற்கிறது.
முப்பத்தாறு, முப்பத்து நான்கு,
மூன்றாம் இரவில் முப்பது.
நத்தைகள் ஓடுகளுக்குள் அமைதியாயின.
எனக்குத்தான் அந்த எண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது,
வெளியூர் போனவர் வீட்டில்
விளக்கு மட்டும் போட்டு வைத்ததுபோல.

பணி முடிந்து வடகரைக்கு இறங்கினேன்.
வற்றிய நேரம்.
நான் நெம்பி எடுத்த இடங்களில்
ஓட்டின் அளவுக்கு வட்டத் தழும்புகள்
காலியாக, காய்ந்து கிடந்தன.
பக்கத்தில் எண்ணிடாத ஒன்று,
கம்பியில்லாதது,
எந்த ஆண்டுக்கும் சேராதது.
விரலால் அதன் தலையில் தட்டினேன்.
உடனே இறுக வேண்டும்.

தட்டிவிட்டு நின்றேன்.
கடற்காகம் ஒன்று எழுந்து போனது.
பிறகு, என் விரலடியில்,
இறுகியது.